கடைமடைக்குச் சூடு வரலை!

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி. வைகை அணைப் பூங்காவில் பிள்ளைகளை ஓடவிட்டு, வெளியே வந்து ஜிலேபி மீன் வறுவலை ஒரு கை பார்த்துவிட்டு நிமிர்ந்தால் மணி மூன்று. 'இருட்டறதுக்குள்ள மூணாறு போயிடலாம்' என்று கிளம்பினோம். காரில் நான், மனைவி, எழுபதைத் தாண்டிய மாமியார், இரண்டு வாண்டுகள். வழி சொல்வதற்குக் கம்பத்துக்காரத் தம்பி ஒருவர். தினமும் விடிகாலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலையேறுகிறவர். அன்றைக்கு அவருக்கு லீவு. எங்கள் அதிர்ஷ்டம்.

ஆண்டிபட்டி, தேனி, போடி... எல்லாம் சுகமாகத்தான் போனது. முந்தல் தாண்டியதும் போடிமெட்டு மலைப்பாதை ஆரம்பம். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரிலும் முதல் கியரிலுமாக வண்டி முக்கி முனகி ஏறிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஏ.சி. ஜில்லென்று ஓடுகிறது. பாதி மலை ஏறியிருப்போம். தற்செயலாக டேஷ்போர்டைப் பார்த்தேன். எப்போதும் நடுவில் நிற்கும் வெப்பமானி முள், சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னை முறைத்தது.

தம்பி சட்டென்று சொன்னார்: "அண்ணே, ஏ.சி.ய அமத்துங்க. ஹீட்டரப் போடுங்க. ஃபுல்லா!"

எனக்குச் சிரிப்பு வந்தது. எஞ்சின் கொதிக்கிறது என்கிறேன், இவர் ஹீட்டர் போடச் சொல்கிறாரே? சரி, மலைக்காரர் சொல்கிறார், கேட்போம் என்று குமிழைத் திருப்பினேன். காற்று வந்தது. பச்சைக் காற்று. சூடு என்ற பேச்சே இல்லை.

தம்பியின் முகம் மாறிவிட்டது. "சூடு வரலையா? வண்டிய ஓரங்கட்டுங்கண்ணே. ஒரு அடி நகத்தாதீங்க."

ஓரங்கட்டினேன். எஞ்சினை அணைத்தேன். பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார். பானட்டைத் திறந்தால் இனிப்பும் காந்தலுமாக ஒரு வாடை. நான் புத்திசாலித்தனமாகத் துண்டை எடுத்து ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். கையை வெடுக்கென்று தட்டிவிட்டார். "மூஞ்சி வெந்துரும்ணே! முக்கா மணி நேரம் தொடப்படாது."

முக்கால் மணி நேரம் என்ன செய்வது? பேசிக்கொண்டிருந்தோம். அப்போது அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம். "வைகைல தண்ணி குறைஞ்சா மொதல்ல யாருக்குண்ணே தெரியும்? அணை பக்கத்துல இருக்கறவனுக்கா? மேலூர் கடைமடைக்காரனுக்குத்தான். ஒங்க வண்டில ஹீட்டர்தான் கடைமடை."

நான் படித்தது பி.காம். எஞ்சினுக்கும் எனக்கும் உள்ள உறவு பெட்ரோல் பில்லோடு சரி. ஆனாலும் அந்தக் கடைமடை வாக்கியம் மனசில் உட்கார்ந்துகொண்டது. ஊர் திரும்பியதும் துருவ ஆரம்பித்தேன். துருவினால் அது எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போனது.

முதலில் கணக்கு. நூறு ரூபாய்க்கு பெட்ரோல் போடுகிறோம். அதில் சக்கரத்தை உருட்டுவதற்கு உருப்படியாகச் செலவாவது ஏறத்தாழ இருபத்தைந்து, முப்பது ரூபாய்தான். ஒரு முப்பது, முப்பத்தைந்து ரூபாய் புகைக்குழாய் வழியாகச் சூடாக வெளியே போகிறது. இன்னொரு முப்பது ரூபாய் எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வழியாக ரேடியேட்டருக்குப் போய்க் காற்றில் கரைகிறது. மிச்சம் உராய்வு. அதாவது நூறில் எழுபது நஷ்டம்! இப்படி ஒரு கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டை எந்த ஆடிட்டரிடமாவது காட்டினால் மயங்கி விழுந்துவிடுவார்.

இந்த நஷ்டக் கணக்கில் கிடைக்கும் ஒரே சில்லறை வருமானம்தான் ஹீட்டர். நெல் மில்லில் தவிட்டை விற்கிற மாதிரி. எஞ்சினிலிருந்து சுடச்சுட வரும் தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு சின்னக் குழாயில் பிரித்து, டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் குட்டி ரேடியேட்டருக்கு அனுப்புகிறார்கள். அதன் பேர் ஹீட்டர் கோர். அதன்மேல் ஒரு விசிறி காற்றை ஊதுகிறது. காற்று சூடாகி நம் காலுக்கு வருகிறது. சூட்டை இழந்த தண்ணீர் எஞ்சினுக்கே திரும்பிப் போகிறது. அவ்வளவுதான் சங்கதி. தம்பி ஹீட்டரைப் போடச் சொன்னதன் ரகசியமும் இதுதான். பெரிய ரேடியேட்டர் திணறும்போது, இந்தக் குட்டி ரேடியேட்டரும் சேர்ந்து கை கொடுக்கட்டும் என்பதற்காக. காருக்குள் நாம் வெந்தாலும் பரவாயில்லை, எஞ்சின் வேகாமல் இருந்தால் சரி!

எளிய விஷயம். ஆனால், மனிதன் இந்த இடத்துக்கு வந்து சேர அரை நூற்றாண்டு ஆனது.

வண்டியில் குளிர் காய்வது கார் வருவதற்கு முன்பே இருந்த பிரச்னை. குதிரை வண்டிக் காலத்தில் பணக்காரர்கள் காலடியில் கரி நெருப்புப் பெட்டி வைத்துக்கொண்டார்கள். காஷ்மீரில் ஃபிரன் அங்கிக்குள்ளேயே காங்ரி என்ற நெருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், இன்னமும் நடக்கிறார்கள். இங்கிலாந்து ரயில்களில் வெந்நீர் நிரப்பிய தகர டப்பாவைக் கால் வைக்கக் கொடுத்தார்கள். அது சீக்கிரம் ஆறிப்போனதால், 1880-களில் லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே ஒரு தந்திரம் செய்தது. டப்பாவில் வெந்நீருக்குப் பதில் சோடியம் அசிடேட் என்ற உப்பு. சூடாக்கினால் உருகும். ஆறும்போது உறையும். உறைய உறைய, வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். இப்போது கையளவு ஜெல் பையாக மருந்துக் கடையில் விற்கிறார்களே, அதே சரக்குதான்.

நம் ஊரில்? முன்னால் எஞ்சின் வைத்த பழைய பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் பெரிய பெட்டி மாதிரி எஞ்சின் மூடி இருக்கும். கோடைக்குப் போகிற முதல் பஸ்ஸில் அந்த மூடிமேல் உட்கார நடக்கும் அடிதடி இருக்கிறதே... மெத்தை கிடையாது, சாய்மானம் கிடையாது. ஆனால், டிக்கெட் விலையிலேயே ஹீட்டர்! பண்ணைக்காடு பிரிவு வரை தூங்கிக்கொண்டே போகலாம்.

காருக்கு வருவோம். கார்ல் பென்ஸ் 1886-ல் பேடண்ட் வாங்கிய முதல் மோட்டார் வண்டியில் ரேடியேட்டரே கிடையாது. எஞ்சினைச் சுற்றித் தண்ணீர். அது கொதித்து ஆவியாகப் போகும். போகப்போக ஊற்ற வேண்டியதுதான். 1888 ஆகஸ்ட்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு மகன்கள் இருவரோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். உலகத்தின் முதல் நீண்ட கார் பயணம் அதுதான் என்கிறார்கள். வழியில் எரிபொருளுக்கு மருந்துக் கடை. குழாய் அடைத்தபோது குத்தி எடுத்தது தொப்பியில் செருகியிருந்த ஊசி. தண்ணீர் ஊற்றியது கண்ட கண்ட இடத்தில். மேடு வந்தபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். போடிமெட்டு ஓரத்தில் தண்ணீர் கேனோடு நின்ற எங்களைப் பார்த்திருந்தால், அந்த அம்மாளுக்குப் பழைய ஞாபகம் வந்திருக்கும்.

ரேடியேட்டர் என்று சொல்லத்தக்க ஒன்றை முழுமையாக்கியவர் வில்ஹெல்ம் மேபாக். 1900-ன் கடைசியில் தயாரான முதல் மெர்சிடிஸ் காரில் தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் குழாய்களை அடுக்கி வைத்தார். காற்று குழாய்க்குள் புகுந்து போகும், தண்ணீர் வெளியே சுற்றி ஓடும். அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்றானது. சூட்டை வெளியே தள்ள வழி கிடைத்துவிட்டது. ஆனால், அந்தச் சூட்டை உள்ளே கொண்டுவரலாமே என்று யாரும் யோசிக்கவில்லை. யோசித்தும் பிரயோஜனம் இல்லை. அன்றைய கார்கள் பெரும்பாலும் திறந்த கார்கள். சூடாக்கினால் ஊருக்கே சூடு!

இந்த இடத்தில் ஒரு பிரபலமான கதையைச் சொல்லியாக வேண்டும். கார் ஹீட்டரைக் கண்டுபிடித்தவர் சிகாகோவைச் சேர்ந்த மார்கரெட் வில்காக்ஸ் என்ற பெண்மணி, 1893 நவம்பர் 28-ல் அமெரிக்க பேடண்ட் வாங்கினார் என்று மகளிர் தினம்தோறும் படித்திருப்பீர்கள். பேடண்ட் நிஜம், தேதி நிஜம், பெண்மணியும் நிஜம். ஆனால், 1893 அமெரிக்காவில் மோட்டார் கார் என்பது விரல் விட்டு எண்ணக்கூடிய அதிசயம். அந்தக் காலத்து அமெரிக்க இங்கிலீஷில் 'கார்' என்றால் ரயில் பெட்டி! அந்த வார்த்தை இடம் மாறியதில் வில்காக்ஸ் அம்மையாரும் ரயிலிலிருந்து இறங்கிக் காரில் ஏறிவிட்டார். இதனால் அவர் பெருமை ஒன்றும் குறைந்துவிடவில்லை. பெண்கள் பேரில் பேடண்ட் என்பதே அபூர்வமான காலத்தில், சூடான தண்ணீரை ஓடவிட்டுப் பயணிகளுக்குக் கதகதப்பு கொடுக்க யோசித்தவர். பின்னால் கார் கம்பெனிகள் சுற்றி வளைத்து வந்து சேர்ந்த இடமும் அந்தத் தண்ணீர்தான்.

நடுவில் ஒரு தப்பான சந்துக்குள் போய் வந்தார்கள். அது சாதாரணத் தப்பு அல்ல, உயிர்த் தப்பு.

1920-களின் கடைசிக்குள் அமெரிக்காவில் மூடிய கார்கள் மெஜாரிட்டி ஆகிவிட்டன. இனி உள்ளே சூடு வேண்டும். எங்கே சூடு அதிகம்? புகை வெளியேறும் குழாயில். ஃபோர்டு மாடல் ஏ காரில் 1929 வாக்கில் விற்ற ஹீட்டர் இந்த வகை. கொதிக்கிற புகைக்குழாயைச் சுற்றி ஓர் இரும்புக் கவசம். எஞ்சின் விசிறி தள்ளும் காற்று அதன் இடுக்கில் புகுந்து சூடாகி, காருக்குள் வரும். தண்ணீர் வேண்டாம், பம்ப் வேண்டாம், வண்டி கிளப்பிய கொஞ்ச நேரத்தில் சூடு. மலிவு. ஆனால், புகைக்குழாயில் மயிரிழை விரிசல் விழுந்தால்? உள்ளே வருவது கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, மணம் இல்லை. நம் ரத்தம் ஆக்ஸிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேல் ஆசையோடு அதைக் கட்டிக்கொள்ளும். லேசாகத் தலை வலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான்.

(மலையில் ரூம் கிடைக்காமல், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, காரிலேயே படுத்துத் தூங்குகிறவர்கள் மேலே உள்ள பாராவை இன்னொரு முறை படிக்கவும். ஹீட்டர் சுடுநீர் ஹீட்டர்தான் என்றாலும், நின்ற வண்டியின் புகை அடியிலிருந்து உள்ளே ஏற வழி உண்டு.)

ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காருக்கு வேறு வழி இருக்கவில்லை. அது காற்றால் குளிரும் எஞ்சின். தண்ணீரே கிடையாது. ஆகவே கடைசிவரை புகைக்குழாயைச் சுற்றிய சூட்டைத்தான் நம்பியிருந்தது. 2003 ஜூலையில் மெக்சிகோவில் கடைசி பீட்டில் வெளிவரும்வரை உலகத்தில் இரண்டு கோடிக்கு மேல் விற்ற கார் அது. அதன் ஓனர்கள் குளிர்காலத்தில் புலம்பிய புலம்பல் தனிப் புத்தகம் போடும் அளவுக்குத் தேறும்.

மற்றவர்கள் 1930-களில் சுடுநீருக்கு வந்து சேர்ந்தார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கும் குட்டி ரேடியேட்டர், அதன் பின்னால் ஒரு குட்டி விசிறி. அதுவும் காருக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிச் சூடாக்கியது. கண்ணாடியெல்லாம் மூச்சுக் காற்றில் பனித்துப்போகும். நாஷ் என்ற கம்பெனி 1938-ல் வெளிக் காற்றை உள்ளே இழுத்து, வடிகட்டி, சூடாக்கி அனுப்பியது. அடுத்த வருடம் ஒரு தெர்மோஸ்டாட்டைச் சேர்த்து 'வெதர் ஐ' என்று பேர் வைத்தது. இன்றைக்கு உங்கள் கார் ஹீட்டரின் எலும்புக்கூடு அதுதான். நாஷ் கம்பெனி காணாமல் போய்விட்டது. அதன் காற்று மட்டும் அடித்துக்கொண்டே இருக்கிறது.

இதற்கெல்லாம் ஒத்தாசையாக இரண்டு பொருட்கள் வந்தன. ஒன்று, 1927-ல் அமெரிக்காவில் ப்ரெஸ்டோன் என்ற பேரில் கடைக்கு வந்த எதிலீன் கிளைக்கால். தண்ணீரில் கலந்தால் லேசில் உறையாது, லேசில் கொதிக்காது. இதைத்தான் கூலன்ட் என்று பச்சையும் சிவப்புமாக விற்கிறார்கள். இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். கீழே சிந்தினால் நாய் நக்கிச் செத்துப்போகும். குழந்தைகள் உள்ள வீட்டில் பழைய ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. இரண்டாவது, மெழுகு தெர்மோஸ்டாட். செர்ஜியஸ் வெர்னே என்பவர் 1930-களில் செய்தது. ஒரு சின்னச் செப்புக் குமிழுக்குள் மெழுகு. தண்ணீர் எண்பது, தொண்ணூறு டிகிரி தொட்டால் மெழுகு உருகி விரியும், ரேடியேட்டருக்குப் போகும் கதவைத் திறந்துவிடும். ஆறினால் சாத்திவிடும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம்.

தம்பியின் உவமையை இங்கே நீட்டிப் பார்த்தால் அழகாகப் பொருந்துகிறது. மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை 1895-ல் பென்னிகுயிக் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பினார். தண்ணீர் லோயர் கேம்ப்பில் இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கில் ஓடி, 1959 ஜனவரி 21-ல் காமராஜர் திறந்துவைத்த வைகை அணையில் வந்து நிற்கிறது. எழுபத்தொரு அடி கொள்ளும் அணை. 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. பிறகு மதகு திறப்பு. உங்கள் தெர்மோஸ்டாட் செய்வதும் இதே மதகு வேலைதான். அணைக்குக் கீழே பேரணை, பெரிய கால்வாய், கிளைக் கால்வாய், கடைசியில் மேலூர். இருப்பு குறைந்தால் கிளையில் ஓட்டம் நின்று, முதலில் காய்வது கடைமடை. பல கார்களில் ஹீட்டர் கோர் உயரமான இடத்தில் இருக்கிறது. கூலன்ட் குறைந்ததும் அங்கேதான் முதலில் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். (அணையில் ஆவியாவதைத் தடுக்க 2017 ஏப்ரலில் தெர்மாகோல் மிதக்கவிட்டு, அது காற்றில் கரை ஒதுங்கியது உங்கள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல. ரேடியேட்டருக்கு அந்த வேலையை இறுக்கமான ஒரு மூடி செய்கிறது.)

அந்த மூடி சாதாரண மூடி அல்ல. பிரஷர் குக்கர் விசில் மாதிரி. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். போடிமெட்டு உயரத்தில், அதாவது நாலாயிரத்து ஐந்நூறு அடி சொச்சத்தில், 95-லேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் கூலன்ட் 120 டிகிரி வரை அமைதியாக இருக்கிறது. அந்த நேரத்தில் மூடியைத் திறந்தால் அழுத்தம் போய், தண்ணீர் ஒரே நொடியில் கொதித்துப் பொங்கி, ஆவியோடு முகத்தில் அடிக்கும். தம்பி என் கையைத் தட்டிவிட்டது இதற்காகத்தான்.

மூணாறு மலைக்கே ஒரு குளிர்ச் சரித்திரம் உண்டு. வெள்ளைக்கார தேயிலைத் தோட்டக்காரர்கள் 1902-ல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள ரயில் போட்டு, 1908-ல் அதைக் குட்டி ரயிலாக மாற்றி, தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவந்தார்கள். அங்கிருந்து ரோப்வேயில் தொங்கி, நம் பக்கம் கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கி, போடி வழியாகப் போனது. 1924 வெள்ளம் ரயிலை வாரிக்கொண்டு போய்விட்டது. அந்த மலைகளில் சில ஜனவரிகளில் இன்றைக்கும் புல் மேல் வெள்ளையாக உறைபனி படிகிறது. கீழே போடியில் ஏலக்காய் வாடையோடு வியர்த்துக்கொண்டிருப்பவன் ஒன்றரை மணி நேரத்தில் பல் தந்தியடிக்கும் ஊருக்குப் போய்விடலாம். நம் ஊர்க் காரில் ஹீட்டருக்கு வருஷத்தில் மூன்று நாள்தான் வேலை. அதனாலேயே அது கெட்டுப்போனது நமக்குத் தெரிவதில்லை.

சரி, சூடு வரவில்லை என்றால் என்ன பார்ப்பது? தம்பி சொன்னதையும், பிறகு நான் இரண்டு மூன்று மெக்கானிக்குகளை நச்சரித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் காற்று வருகிறதா என்று பாருங்கள். காற்றே வராவிட்டால் அது எலெக்ட்ரிகல் விவகாரம். ஃப்யூஸ், மோட்டார். முழு வேகத்தில் மட்டும் காற்று வந்து, ஒன்று, இரண்டு, மூன்றில் வராவிட்டால் விசிறியின் ரெசிஸ்டர் போயிருக்கும். சின்னச் செலவு. இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

காற்று வருகிறது, சூடு இல்லை என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது வெப்பமானி முள். எவ்வளவு தூரம் ஓட்டியும் முள் நடுவுக்கு வராமல் கீழேயே கிடந்தால், குறிப்பாக மலை இறங்கும்போது இன்னும் கீழே போனால், தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. மதகை மூட முடியாத அணை மாதிரி. சில ஊர்களில், 'நம்ம வெயிலுக்கு இது எதுக்கு சார்?' என்று அதைக் கழற்றி எறிந்துவிடுவதும் உண்டு. எஞ்சின் சூடேறாமலே ஓடும், பெட்ரோல் குடிக்கும், தேயும். கழற்ற விடாதீர்கள்.

முள் நடுவில் இருந்தும் சூடு இல்லை என்றால், எஞ்சினிலிருந்து கேபின் சுவருக்குள் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்களைத் தேடுங்கள். சூடேறியபின் எஞ்சினை நிறுத்திவிட்டு, விசிறியில் கை படாமல், லேசாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தால் தண்ணீர் ஒழுங்காக வந்து போகிறது, தப்பு டேஷ்போர்டுக்குள். சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் மாற்றிவிடும் மடிப்புக் கதவோ, அதை இழுக்கும் கேபிளோ கழன்றிருக்கும். ஒன்று சூடு, மற்றது வெதுவெதுப்பு என்றால் ஹீட்டர் கோர் அடைத்திருக்கிறது. பைப்பில் வரும் உப்புத் தண்ணீரையும் போர் தண்ணீரையும் வருஷக்கணக்காக ஊற்றியதன் பலன். டீக்கெட்டிலுக்குள் படியுமே, அதே வெள்ளைப் படிவம், கூடவே துரு. இரண்டுமே பச்சைத் தண்ணீராக இருந்தால், வால்வு மூடியிருக்கலாம். அல்லது தண்ணீர் அங்கே வரவே இல்லை. அதாவது கூலன்ட் குறைவு, இல்லை ஏர் அடைப்பு.

ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சூடு வருகிறது, விட்டால் போய்விடுகிறது என்றாலும் இதே சந்தேகம்தான். பம்ப் வலுவிழந்திருந்தாலும் இப்படி ஆகும். முன்சீட்டுக்காரர் காலடி மேட் காரணமில்லாமல் ஈரம், உள்ளே இனிப்பு வாடை, கண்ணாடியில் எண்ணெய் மாதிரி பனிப்படலம் என்றால் ஹீட்டர் கோரே ஒழுகுகிறது. கூலன்ட் குறைகிறது, கீழே சொட்டுவதும் இல்லை, புகை வெள்ளையாக வருகிறது, ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருக்கிறது என்றால்... ஹெட் கேஸ்கட். பர்ஸை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எது உயிர் போகிற காரியம்? முள் ஏறுகிறது, ஹீட்டர் பச்சையாக அடிக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் எஞ்சின் தலையில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். இன்னும் இரண்டு வளைவு ஏறினால் ஹெட் வளைந்துவிடும், மூன்றாவதில் எஞ்சின் சீஸ். கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் அணைந்தால் பவர் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக்கும் இரண்டு மிதிக்கு மேல் இறுகிப்போகும். பின்னால் லோடு லாரி. இன்னொரு விஷயம். தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் முள் கீழே இறங்கி நல்ல பிள்ளை மாதிரி காட்டுவதும் உண்டு. அளக்கிற சென்சார் தண்ணீரில் இல்லை, ஆவியில் நிற்கிறதே! இப்போது பல சின்னக் கார்களில் முள்ளையே எடுத்துவிட்டு, நீல விளக்கு, சிவப்பு விளக்கு என்று வைத்துவிட்டார்கள். சிவப்பு எரியும்போது அது எச்சரிக்கை அல்ல, இரங்கல் செய்தி. ஏ.சி. போட்டே பழகிய நாம், மலை ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் ஒரு நிமிஷம் ஹீட்டரைப் போட்டுப் பார்த்தால் போதும். கம்பத்து ஜீப் டிரைவர்கள் ராத்திரியே தண்ணீர் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார்கள். அவர்கள் வண்டியில் பதினைந்து உயிர்.

இந்தத் தவிட்டு வருமானம் இனி எத்தனை காலம் என்பது வேறு கேள்வி. மின்சாரக் காரில் வீணாகும் சூடு ரொம்பக் குறைவு. நஷ்டம் இல்லாத கம்பெனியில் தவிடு ஏது? ஆகவே சூட்டுக்கு பேட்டரியிலிருந்து காசு கொடுத்தாக வேண்டும். குளிர் நாடுகளில் ஹீட்டரைப் போட்டால் போகும் தூரம் குறைகிறது என்று அலறுகிறார்கள். வெளிக் குளிரிலிருந்தே சூட்டை உறிஞ்சும் ஹீட் பம்ப், அதாவது தலைகீழாக ஓடும் ஏ.சி., பல மின்சாரக் கார்களில் வந்துவிட்டது. டெஸ்லாவே 2020-ல் மாடல் ஒய் காரில்தான் அதற்கு வந்து சேர்ந்தது.

மறுபடி வளைவுக்கு. முக்கால் மணி நேரம் கழித்து, ஈரத் துணியைப் போட்டு, கால் சுற்று திருப்பி, புஸ்ஸென்ற மிச்ச ஆவியை விட்டு, பிறகு மூடியைத் திறந்தார் தம்பி. உள்ளே எட்டிப் பார்த்தால் வறண்ட கிணறு. எங்கள் குடிதண்ணீர் பாட்டில்கள் எல்லாம் அதற்குள் போயின. மூன்று லிட்டருக்குக் குறையாமல் குடித்தது. ஒழுகல் எங்கே என்று டார்ச் அடித்துத் தேடினார். ஹீட்டருக்குப் போகும் ஹோஸின் கிளிப் முழுசாக முறுக்கப்படாமல் இருந்தது. கிளம்புவதற்கு முந்தின வாரம்தான் ஓர் இடத்தில் கூலன்ட் மாற்றி, அதற்கு பில்லும் போட்டிருந்தார்கள். பேர் வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரால் நாலு திருகு.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க. ஹீட்டர் ஃபுல்லு. மூடி தொறந்தே இருக்கட்டும்." எஞ்சின் ஓட ஓட மேல் ஹோஸை மெதுவாக அமுக்கி அமுக்கி விட்டார். குபுக் குபுக்கென்று காற்றுக் குமிழிகள். ஒவ்வொரு குமிழிக்கும் தண்ணீர் மட்டம் ஒரு விரல் இறங்கியது. அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். எட்டு, ஒன்பது நிமிஷம். உள்ளே இருந்து என் மனைவி கத்தினாள்: "வருதுங்க! சூடா வருது!"

"கடைமடைக்கு வந்துருச்சு" என்று மூடியைத் திருகினார் தம்பி. "வெறுந்தண்ணிதாண்ணே, ஊருக்குப் போனதும் எறக்கிட்டு கூலன்ட் போட்ருங்க."

போடிமெட்டு செக்போஸ்ட்டில் நின்றபோது நன்றாக இருட்டிவிட்டது. வெளியே பனிமூட்டம். பயத்தில் நான் ஹீட்டரை அணைக்கவே இல்லை. பின்சீட்டிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்: "மாப்பிள்ளை, ஜன்னலையாவது கொஞ்சம் எறக்குங்க. மூணாறு மூணாறுன்னு கூட்டிட்டு வந்து இப்படி வேர்க்க வைக்கிறீங்களே!"